நான்கு லேன்களில் சிக்கிய கார்டு: முதல் கேமிங் கணினிக்கான ஒரு பட்டியலின் ஆய்வு

முதன்முறையாகத் தானே கணினி கட்டப்போகிறவர்கள் போடும் பட்டியல்களில் திரும்பத் திரும்பத் தலைகாட்டும் ஒரு சேர்க்கையை இங்கே ஆய்வுக்கு எடுத்துக்கொள்கிறோம். தேவை தெளிவானது. 1080பி திரை, 144 ஹெர்ட்ஸ் மானிட்டர். பெரும்பாலும் போட்டி விளையாட்டுகள், அவ்வப்போது பெரிய கதை விளையாட்டுகள். விளையாடுவதைப் பதிவு செய்து வைக்கவும் வேண்டும். பணம் அளவானது.

பட்டியல் இது: ரைசன் 5 5600ஜி பிராசஸர். ஏ520 மதர்போர்டு. டிடிஆர்4-3200 ராம், 16 ஜிபி, ஒரே ஸ்டிக். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கிராபிக்ஸ் கார்டு, 4 ஜிபி. 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, க்யூஎல்சி வகை. மேலே "550 வாட்" என்று கொட்டை எழுத்தில் போட்ட, பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் பிரித்துத் தரும் பெட்டி). முகப்பு முழுக்கக் கண்ணாடியும் நான்கு ஆர்ஜிபி ஃபேன்களும் உள்ள கேபினெட்.

எஸ்எம்பிஎஸ்ஸைத் தவிர மற்றதெல்லாம் தனித்தனியே பார்த்தால் குறை சொல்ல முடியாத பாகங்கள். எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தும், கணினி ஓடும், விண்டோஸ் ஏறும். பெரிய விளையாட்டு ஒன்றைத் திறக்கும்போதுதான் திரை விக்கும். அந்த விக்கல் எங்கிருந்து வருகிறது என்பதைப் பின்தொடர்ந்து போனால், மூன்று பாகங்கள் ஒன்றின் பலவீனத்தை ஒன்று பெருக்கிக்கொண்டிருப்பது தெரியும்.

கார்டும் பிராசஸரும் சந்திக்கும் இடம்

6500 எக்ஸ்டி கார்டை மதர்போர்டில் செருகும் தங்க நிற விளிம்பு பார்வைக்கு மற்ற கார்டுகளைப் போலவே நீளமாகத்தான் இருக்கும். ஆனால் அதில் தரவு ஓடும் லேன்கள் 4 மட்டுமே. 16 லேன் ஸ்லாட்டில் போட்டாலும் மற்ற 12 லேன்கள் சும்மா கிடக்கும். பிசிஐஇ என்பது கார்டையும் பிராசஸரையும் இணைக்கும் பாதை, 3.0, 4.0 என்பவை அதன் தலைமுறைகள். பிசிஐஇ 4.0 வேகத்தில் இந்த 4 லேன்கள் ஒரு திசையில் நொடிக்குச் சுமார் 7.9 ஜிபி கடத்தும். இந்தக் கார்டை வடிவமைத்தவர்கள் அந்த வேகத்தை நம்பித்தான் லேன்களைக் குறைத்தார்கள்.

5600ஜி பிராசஸரோ பிசிஐஇ 3.0 மட்டுமே தரும். ஏ520 போர்டும் 3.0 தான். அதனால் அதே 4 லேன்களில் நொடிக்குச் சுமார் 3.9 ஜிபி மட்டுமே போகும், சரிபாதி.

கார்டிலேயே போதுமான நினைவகம் இருந்திருந்தால் இது இவ்வளவு வலிக்காது. 4 ஜிபி என்பது இன்றைய பெரிய விளையாட்டுகளின் டெக்ஸ்சர்களுக்கு (காட்சியில் உள்ள பொருள்களின் பரப்பில் ஒட்டும் படங்கள்) போதாது. நிரம்பி வழிவது கணினியின் ராமுக்குப் போகிறது. தேவைப்படும்போது அந்தக் குறுகிய 4 லேன் வழியாகத்தான் திரும்பி வர வேண்டும். கார்டின் சொந்த நினைவகம் நொடிக்கு 144 ஜிபி வேகத்தில் படிக்கும். வழிந்து போனதைப் படிக்கும் வேகம் 3.9 ஜிபி. கதாபாத்திரம் திரும்பிப் பார்க்கிற நொடியில் காட்சி உறைந்து நிற்பதன் காரணம் இதுதான். சராசரி ஃபிரேம் எண்ணிக்கையைப் பார்த்தால் இது அவ்வளவாகத் தெரியாது. ஃபிரேம்களுக்கு இடையிலான நேரத்தைப் பார்த்தால் பட்டவர்த்தனமாகத் தெரியும்.

மூன்றாவது கண்ணி, ஒற்றை ராம் ஸ்டிக். டிடிஆர்4-3200 ஒரு சேனலில் நொடிக்கு 25.6 ஜிபி, இரு சேனல்களில் 51.2 ஜிபி தரும். 5600ஜி-யின் எல்3 கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் சிறு அதிவேக நினைவகம்) 16 எம்பி. ஜி எழுத்து இல்லாத 5600-இல் 32 எம்பி. கேஷ் சிறிதாக இருக்கும் பிராசஸர் அடிக்கடி ராமிடம் கையேந்தும். அந்த ராமும் பாதி வேகத்தில் இருந்தால் பிராசஸர் காத்திருக்கும் நேரம் கூடிக்கொண்டே போகும்.

"5600ஜி-யில் உள்ளமைந்த கிராபிக்ஸ் இருக்கிறதே, கார்டு பழுதானால் உதவுமே" என்பது பலர் சொல்லும் நியாயம். கார்டை இப்போதைக்கு வாங்காமல் சில மாதம் ஓட்டப்போகிறவருக்கு அது சரியான தேர்வு. முதல் நாளிலேயே கார்டு வாங்குபவருக்கு, பயன்படாத ஒன்றுக்காகப் பாதி கேஷையும் பிசிஐஇ 4.0-ஐயும் விட்டுக்கொடுப்பதாக ஆகிறது.

பதிவு செய்யும் தேவைக்கும் இந்தக் கார்டு உதவாது. 6500 எக்ஸ்டி-யில் காணொளியைக் குறிமாற்றம் செய்யும், அதாவது பதிவாகும் படத்தைச் சுருக்கிக் கோப்பாக்கும் வன்பொருள் பகுதியே இல்லை. அந்த வேலை முழுவதும் பிராசஸர் தலையில் விழும். பெட்டியின் முகப்பில் இதை எங்கும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

எதை மாற்றுவது, எந்த வரிசையில்

முதலில் கார்டு. 6500 எக்ஸ்டி-க்குப் பதில் ஆர்எக்ஸ் 6600. 2021 அக்டோபரில் வந்த கார்டு இது: 8 ஜிபி நினைவகம், 128 பிட் பாதை, நொடிக்கு 224 ஜிபி, 8 லேன்கள், 132 வாட். 6500 எக்ஸ்டி-யில் 1024 ஷேடர்கள் (காட்சியைக் கணக்கிடும் சிறு அலகுகள்) என்றால் இதில் 1792. குறிமாற்றப் பகுதியும் உண்டு. இதை 3.0 போர்டில் போட்டாலும் 8 லேன்கள் சேர்ந்து நொடிக்கு 7.9 ஜிபி தரும். 8 ஜிபி நினைவகம் வழிவதும் அரிது. ஆகவே பழைய போர்டில்கூட இது மூச்சுத் திணறாது. ஆர்டிஎக்ஸ் 3050 வாங்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பெயரில் 8 ஜிபி ஒன்றும் 6 ஜிபி ஒன்றும் இருக்கின்றன. 6 ஜிபி என்பது நினைவகத்தை மட்டும் குறைத்தது என்று எண்ணிவிடக் கூடாது. பாதை 96 பிட்டாகச் சுருங்கியது, கோர்களும் குறைந்தது. தனி மின் இணைப்பு வேண்டாத 70 வாட் கார்டு அது. பழைய அலுவலகக் கணினியில் போடுவதற்கு ஏற்றது, புதிதாகக் கட்டுவதற்கு ஏற்றதல்ல.

அடுத்து பிராசஸர். 5600ஜி-க்குப் பதில் ரைசன் 5 5600. அதே 6 கோர், 12 த்ரெட், அதே 65 வாட் வகை, இரட்டிப்புக் கேஷ், பிசிஐஇ 4.0. பெயரில் ஓர் எழுத்துதான் வித்தியாசம், உள்ளே இருப்பது வேறு சில்லு. 5500 என்று இன்னொன்றும் உண்டு. அது 5600-இன் தம்பி போலத் தோன்றும். உண்மையில் 5600ஜி-யின் உறவு. அதே 16 எம்பி கேஷ், அதே பிசிஐஇ 3.0.

இன்டெல் பக்கம் போனால் கோர் ஐ5-12400எஃப் இதற்கு இணையானது. பணம் இன்னும் இறுகினால் ஐ3-12100எஃப்பும் எச்610 போர்டும் எடுத்து, 6600 கார்டை அப்படியே வைத்துக்கொள்ளலாம். 4 கோர், 8 த்ரெட்டில் சில புதிய விளையாட்டுகள் தடுமாறும், மறுப்பதற்கில்லை. ஆனாலும் பிராசஸரில் மிச்சம் பிடித்துக் கார்டில் போடுவது, கார்டில் மிச்சம் பிடித்துப் பிராசஸரில் போடுவதைவிடப் பெரும்பாலும் நல்லது. பின்னாளில் அதே சாக்கெட்டில் பெரிய பிராசஸரைப் போட்டுக்கொள்ளலாம்.

ராம்: 16 ஜிபி-யே போதும், 8 ஜிபி ஸ்டிக் இரண்டாக, ஒரே பெட்டியில் ஜோடியாக விற்பதை வாங்க வேண்டும். 3200 சிஎல்16 (சிஎல் என்பது ராம் பதில் தர எடுக்கும் தாமதத்தின் எண்). 3600 சிஎல்18 என்பதும் தாமதக் கணக்கில் அதே 10 நானோநொடிதான் வரும். விலை ஒன்றாக இருந்தால் எடுக்கலாம், கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை.

போர்டு: பி550 கிடைத்தால் நல்லது. கார்டு ஸ்லாட்டும், எஸ்எஸ்டி செருகும் முதல் எம்.2 ஸ்லாட்டும் 4.0-இல் ஓடும், பெரும்பாலும் ராம் ஸ்லாட் நான்கு இருக்கும். கிடைக்காவிட்டால் ஏ520-ஐயே வைத்துக்கொள்ளலாம். 6600 கார்டோடு அது ஒத்துப்போகும் என்று மேலே பார்த்தோம். ராமை அதன் பெட்டியில் எழுதிய வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி அமைப்பையும் ஏ520 ஏற்கும். பிராசஸரை ஓவர்கிளாக் செய்வதை (குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவதை) மட்டும்தான் தடுக்கும், இந்தக் கணினியில் அது வேண்டியதும் இல்லை. ஒரே எச்சரிக்கை பயாஸ், அதாவது போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருள் பற்றியது. பி550 போர்டுகள் 2020 ஜூனில் வந்தவை, ரைசன் 5000 வரிசை அந்த நவம்பரில். ஆரம்பக் கால இருப்பில் கிடந்த போர்டுக்கு இந்தப் பிராசஸரை அடையாளம் தெரியாது. பின்பக்கம் பயாஸ் ஃபிளாஷ்பேக் பட்டன் உள்ள போர்டாக எடுத்தால் கவலையில்லை. ஃபேட்32-இல் ஃபார்மேட் செய்த பென் டிரைவில், கையேடு சொல்லும் பெயரை வைத்துப் பயாஸ் கோப்பைப் போட்டு, குறியிட்ட யுஎஸ்பி துளையில் செருகி, 24 பின் மற்றும் பிராசஸர் மின் கேபிள்களை மட்டும் இணைத்து, பட்டனை விளக்கு சிமிட்டும்வரை அழுத்தினால் போதும். பிராசஸரே இல்லாமல் பயாஸ் மாறிவிடும். விளக்கு நிற்கும்வரை மின்சாரத்தைத் துண்டிக்கவே கூடாது.

எஸ்எஸ்டி பற்றிச் சுருக்கமாக: க்யூஎல்சி-க்குப் (ஒரு செல்லில் 4 பிட் வைப்பது) பதில் டிஎல்சி (3 பிட் வைப்பது). காலியாக இருக்கும்போது இரண்டும் ஒரே மாதிரி பறக்கும். 100 ஜிபி விளையாட்டு ஒன்றை இறக்கும்போது, க்யூஎல்சி டிரைவின் தற்காலிக வேகப் பகுதி தீர்ந்ததும் எழுதும் வேகம் சரிந்துவிடும். டிரைவ் நிரம்ப நிரம்ப அந்தப் பகுதியும் சுருங்கும். விளையாட்டுக்கு 3.0 வேக டிரைவே போதும். எம்.2 வடிவில் பழைய, மெதுவான சாட்டா டிரைவ்களும் உண்டு என்பதால் பெட்டியில் என்விஎம்இ என்று இருக்கிறதா எனப் பார்த்து எடுக்க வேண்டும்.

எஸ்எம்பிஎஸ் லேபிளை வாசிப்பது

பட்டியலில் உண்மையிலேயே ஆபத்தான பாகம் இது ஒன்றுதான். இங்கே நிதானமாக நின்று பார்ப்பது அவசியம்.

பக்கவாட்டு லேபிளில் ஒரு கட்டம் இருக்கும். 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட் என்று தனித்தனி நிரல்கள், கீழே ஒவ்வொன்றுக்கும் ஆம்பியர். பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் மின்சாரம் எடுப்பது கிட்டத்தட்ட முழுவதும் 12 வோல்ட்டில். "550 வாட்" என்று எழுதிய ஒரு பெட்டியில் 12 வோல்ட்டுக்குக் கீழே 25 ஆம்பியர் என்று இருந்தால், கைக்கு வருவது 12 x 25 = 300 வாட். மீதியை இந்தக் கணினி கொஞ்சமாகவே பயன்படுத்தும் 3.3, 5 வோல்ட் பக்கம் காட்டிக் கூட்டியிருப்பார்கள். நல்ல 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் 12 வோல்ட்டில் மட்டும் 36 ஆம்பியர் அளவுக்கு இருக்கும், அதாவது 432 வாட். சிறிய எண் போட்ட பெட்டிதான் இங்கே பெரியது.

இந்தக் கணினியின் தேவையைக் கூட்டிப் பார்ப்போம். 65 வாட் வகைப் பிராசஸர் முழுச் சுமையில் 76 வாட் வரை எடுக்கும். கார்டு 132. போர்டு, ராம், எஸ்எஸ்டி, ஃபேன்கள் எல்லாம் சேர்ந்து 50 என்று வைத்துக்கொள்ளலாம். மொத்தம் 258 வாட். 300-க்குள் அடங்குகிறதே என்று தோன்றும். ஆனால் கார்டின் 132 என்பது சராசரி. காட்சி மாறும் கணத்தில் சில மில்லிநொடிகளுக்கு அதைத் தாண்டிக் குதிக்கும். அந்தக் குதிப்பைத் தாங்காத எஸ்எம்பிஎஸ் கணினியைச் சட்டென்று அணைத்துவிடும். பாதுகாப்புச் சுற்று இல்லாததாக இருந்தால் அணைக்கவும் செய்யாமல், மின்னழுத்தம் தடுமாறி மற்ற பாகங்களையும் சேர்த்துக் கெடுக்கும். 12 வோல்ட் 11.4-க்குக் கீழோ 12.6-க்கு மேலோ போகக் கூடாது என்பது ஏடிஎக்ஸ் (கணினி எஸ்எம்பிஎஸ்களுக்கான பொதுத் தரம்) நெடுங்காலமாக வைத்திருந்த வரம்பு.

80 பிளஸ் முத்திரையை மட்டும் நம்பி வாங்குவதும் தவறு. அந்தச் சோதனை அளப்பது, சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் வருகிறது என்பதை மட்டுமே. மிகைச்சுமை, குறுக்குச்சுற்று, மிகைவெப்பம் ஆகியவற்றுக்குப் பாதுகாப்பு உண்டா என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும். உத்தரவாதம் 5 ஆண்டு என்றால் தயாரித்தவருக்கே அதன்மேல் நம்பிக்கை இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். பின்பக்கம் 115/230 என்று தள்ளும் சிவப்புச் சுவிட்ச் இருந்தால் பெரும்பாலும் அது பழைய வடிவமைப்பு, ஒதுக்கிவிடலாம்.

6600 கார்டுக்கு 8 பின் இணைப்பு ஒன்று வேண்டும். அது எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்தே வர வேண்டும். மோலெக்ஸ் அல்லது சாட்டா பிளக்கிலிருந்து 8 பின்னாக மாற்றும் அடாப்டரை எந்தச் சூழ்நிலையிலும் போடக் கூடாது. சாட்டா மின் பிளக்கின் 12 வோல்ட் முனைகள் தாங்கக்கூடியது சுமார் 54 வாட். 8 பின் இணைப்பு கேட்கக்கூடியது 150 வாட். பிளக் உருகுவதும் எரிவதும் இப்படித்தான். அடாப்டர் இல்லாமல் முடியாது என்ற நிலை வந்தாலே, அந்த எஸ்எம்பிஎஸ் இந்தக் கார்டுக்கு உரியதல்ல என்று தெரிந்துகொள்ளலாம். கேபிள்களைத் தனியாகக் கழற்றி மாட்டக்கூடிய மாடுலர் வகையில் இன்னொன்று: ஒரு நிறுவனத்தின் கேபிளை இன்னொன்றில் மாட்டக் கூடாது. எஸ்எம்பிஎஸ் பக்க முனைக்குப் பொதுவான அமைப்பு கிடையாது. பிளக் கச்சிதமாக உட்கார்ந்தாலும் 12 வோல்ட் தவறான கம்பியில் போய் எஸ்எஸ்டி-யையோ போர்டையோ எரித்துவிடும்.

கேபினெட்டுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கண்ணாடி முகப்பு காற்றை அடைக்கும். கம்பி வலை முகப்பாகப் பார்த்து எடுக்க வேண்டும். முன்னால் உள்ளிழுக்க இரண்டு ஃபேன், பின்னால் வெளித்தள்ள ஒன்று, இதற்கு மேல் இந்த 260 வாட் கணினிக்குத் தேவையில்லை. ஃபேனின் குறுக்குச் சட்டங்கள் உள்ள பக்கம்தான் காற்று வெளியேறும் பக்கம். ஆர்ஜிபி வேண்டும் என்பவர்கள் 5 வோல்ட் 3 பின் பிளக்கையும் 12 வோல்ட் 4 பின் இடத்தையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் சரி. மாற்றிச் செருகினால் விளக்குகள் அந்த நொடியே போய்விடும்.

கட்டும்போது

கேபினெட்டில் ஏற்றுவதற்கு முன், மதர்போர்டு வந்த அட்டைப் பெட்டியின் மேலேயே போர்டை வைத்துப் பிராசஸர், கூலர், ராம், கார்டு, எஸ்எம்பிஎஸ் ஆகியவற்றை மட்டும் மாட்டி ஒருமுறை ஓடவிட்டுப் பார்ப்பது நல்லது. பவர் சுவிட்சுக்கான இரண்டு பின்களை ஸ்குரூடிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டால் போதும், கணினி எழும்.

5600-உடன் வரும் கூலரை மாட்ட, போர்டில் ஏற்கெனவே இருக்கும் இரண்டு கறுப்புப் பிளாஸ்டிக் பிடிகளைக் கழற்ற வேண்டும். நான்காவது திருகு வரும்போது போர்டின் அடியில் இருக்கும் உலோகத் தகடு கழன்று விழும். ஒரு கையால் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அதே தகட்டில்தான் கூலரின் திருகுகள் இறங்கும். கூலரின் அடியில் தடவி வரும் சாம்பல் நிறப் பேஸ்ட்டில் விரல் படக் கூடாது. நான்கு திருகுகளையும் மூலைக்கு மூலை மாற்றி மாற்றி, இரண்டிரண்டு சுற்றாக இறுக்க வேண்டும். ஒரே மூலையை முழுதாக இறுக்கினால் எதிர் மூலை எழும்பிக்கொண்டு திருகு பிடிக்காது. ஏஎம்4 பிராசஸரின் கால்கள் பிராசஸரிலேயே இருப்பவை. பின்னாளில் கூலரைக் கழற்றும்போது நேராக மேலே இழுத்தால் பிராசஸரும் ஒட்டிக்கொண்டு பிடுங்கி வரும், கால்கள் வளையும். கணினியைச் சற்று நேரம் ஓடவிட்டுச் சூடேற்றி, அணைத்து, கூலரை இடவலமாகத் திருகிப் பிரித்தபின்தான் தூக்க வேண்டும்.

நான்கு ராம் ஸ்லாட் உள்ள போர்டில் பிராசஸரிலிருந்து எண்ணினால் 2-ஆவதும் 4-ஆவதும் முதலில் நிரப்ப வேண்டியவை. அடுத்தடுத்து 1, 2 என்று போட்டால் இரண்டு ஸ்டிக் இருந்தும் ஒரே சேனல்தான் கிடைக்கும். மின் கேபிள்களில் 4+4 ஆகப் பிரிவது பிராசஸருக்கு, 6+2 ஆகப் பிரிவது கார்டுக்கு. கார்டு எப்போதும் மேல் ஸ்லாட்டில். கீழே அதே நீளத்தில் இருக்கும் ஸ்லாட் பெரும்பாலும் 4 லேன்களுக்கு மேல் இராது; அங்கே போட்டால் 6600 வாங்கியும் பழைய பட்டியலுக்கே திரும்பியதாகிவிடும்.

ஃபேன் சுழல்கிறது, திரை கறுப்பாகவே இருக்கிறது என்பதுதான் அடிக்கடி வரும் முதல் தடங்கல். போர்டின் ஓரத்தில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று சிறு விளக்குகள் இருந்தால் எதில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். முதல் தடவை ராமைப் பழகிக்கொள்ளப் போர்டு ஓரிரு நிமிடம் எடுக்கும், அதற்குள் அணைத்துவிடக் கூடாது. அதற்குப் பிறகும் டிராம் விளக்கு எரிந்தால் பெரும்பாலும் ராம் முழுதாக இறங்கவில்லை. பல போர்டுகளில் பூட்டு ஒரு முனையில் மட்டும் இருக்கும். அந்த முனை "டக்" என்று பூட்டிக்கொள்ளும், மறுமுனை ஒரு மில்லிமீட்டர் மேலேயே நிற்கும், கண்ணுக்குத் தெரியாது. கழற்றிவிட்டு, பூட்டில்லாத முனையை முதலில் அழுத்தி, பிறகு மறுமுனையை அழுத்த வேண்டும். புதுப் போர்டில் நாம் பயப்படும் அளவுக்கு அழுத்தம் தேவைப்படும்.

மானிட்டர் கேபிள் கார்டில் இருக்க வேண்டும். 5600-இல் உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லாததால் போர்டின் துளையில் செருகினால் படமே வராது, தவறு உடனே தெரிந்துவிடும். பழைய பட்டியலின் 5600ஜி-யில் படம் வந்திருக்கக்கூடும். கார்டு சும்மா இருக்க, உள்ளமைந்த கிராபிக்ஸில் விளையாடிக்கொண்டு "கார்டு மந்தம்" என்று நினைக்கவைக்கும்.

விண்டோஸ் ஏறியபின் நான்கு இடங்களைப் பார்த்தே ஆக வேண்டும். டாஸ்க் மேனேஜரில் ராம் வேகம் 2133 அல்லது 2666 என்று காட்டினால் பயாஸில் எக்ஸ்எம்பி-யை இயக்கவில்லை என்று பொருள். சில போர்டுகளில் அதன் பெயர் டிஓசிபி. மானிட்டர் 60 ஹெர்ட்ஸில் நின்றுகொண்டிருக்கும், டிஸ்பிளே அமைப்பில் 144-க்கு மாற்ற வேண்டும். அங்குள்ள தேர்வுகளில் 144 இல்லாவிட்டால் எச்டிஎம்ஐ கேபிளுக்குப் பதில் டிஸ்பிளேபோர்ட். பயாஸில் சிஎஸ்எம் (பழைய பூட் முறைக்கான இணக்க அமைப்பு) அணைந்தும், கார்டின் நினைவகம் முழுவதையும் பிராசஸர் ஒரே வீச்சில் அணுகவிடும் அபவ் 4ஜி டிகோடிங்கும் ரீசைசபிள் பார்-ம் இயங்கியும் இருக்க வேண்டும். சிஎஸ்எம்-ஐ விண்டோஸ் போடுவதற்கு முன்பே அணைத்துவிடுவது மேல். டிரைவைப் பிரிக்கும் பழைய எம்பிஆர் முறையில் விண்டோஸ் ஏறியிருந்தால் பிறகு அணைக்கும்போது கணினி பூட் ஆகாது.

நான்காவது, ஜிபியு-இசட் என்ற சிறு நிரலில் பஸ் இன்டர்ஃபேஸ் என்ற வரி. சும்மா இருக்கும்போது மின்சாரம் மிச்சம் பிடிக்கக் கார்டு 1.1 வேகத்துக்கு இறங்கியிருக்கும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். பக்கத்தில் உள்ள கேள்விக்குறியை அழுத்திச் சுமை கொடுத்தபின் பி550 போர்டில் "எக்ஸ்8 4.0", ஏ520-இல் "எக்ஸ்8 3.0" என்று வர வேண்டும். எக்ஸ்4 என்று வந்தால் கார்டு கீழ் ஸ்லாட்டில் இருக்கிறது, அல்லது சரியாக உட்காரவில்லை: கணினியை அணைத்து, மின்கேபிளைப் பிடுங்கி, கார்டைக் கழற்றி மீண்டும் செருக வேண்டும்.